“இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கு தம்பி!” – வீடு கட்டும்போது இந்த ஒரு வரியை மட்டும் நம்பி பணம் கொடுக்காதீங்க



நம்ம சேனலைத் தொடர்ந்து பார்க்கிற ஒரு தம்பி. சொந்த ஊர் தேனி பக்கத்துல அல்லிநகரம். வேலை சென்னையில, ஒரு அமெரிக்க கட்டுமான கம்பெனிக்கான பேக் ஆபீஸ்ல. அவரோட தினசரி வேலையைக் கேட்டா ஆச்சரியப்படுவீங்க. அந்தக் கம்பெனிக்கு வேலை செய்யற எலக்ட்ரீஷியன், பிளம்பர், கான்கிரீட் காண்ட்ராக்டர் எல்லாரோட இன்சூரன்ஸ் பாலிசியையும் மென்பொருள்ல ஏத்தணும், தேதி முடியப் போறதை அப்டேட் பண்ணணும். அவ்வளவுதான் வேலை. கடல் தாண்டி இருக்கிற ஒரு காண்ட்ராக்டரோட பாலிசி நாளைக்கு முடியுதுன்னா, இன்னைக்கே இவர் மெயில் அனுப்பிடுவார்.

அதே தம்பி ஊர்ல அப்பா பேர்ல இருந்த இடத்துல ஹோம் லோன் போட்டு வீடு கட்ட ஆரம்பிச்சார். காண்ட்ராக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டார், “அண்ணே, வேலையாட்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கா?” பதில் உடனே வந்துச்சு: “எல்லாம் இருக்கு தம்பி, பயப்படாதீங்க.” வாட்ஸ்அப்ல பாலிசியோட முதல் பக்கம் போட்டோவும் வந்துச்சு. இவரும் ஒரு தம்ஸ் அப் போட்டுட்டு விட்டுட்டார்.

ஜூன் மாசம். தேனிப் பக்கம் அந்த மாசத்துக் காத்து எப்படி அடிக்கும்னு ஊர்க்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காத்தாடி மில் நட்டு வெச்சிருக்கிறதே அந்தக் காத்தை நம்பித்தான். மேல சாரத்துல நின்னு பூச்சு வேலை பார்த்துட்டு இருந்த கொத்தனார் தவறி விழுந்துட்டார். உயிருக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா கால் எலும்பு முறிஞ்சு ஆபரேஷன். அஞ்சு மாசம் சாரம் ஏற முடியாது.

அன்னைக்கு ராத்திரிதான் தம்பி அந்த வாட்ஸ்அப் போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தார். பாலிசி முடிஞ்சு 16 நாள் ஆகியிருந்துச்சு.

கடைசியில காண்ட்ராக்டர் பாதி, இவர் பாதின்னு பேசி முடிச்சாங்க. இவர் பங்குக்கு வீட்டு நகையை அடகு வெச்சார். போன்ல அவர் சொன்ன ஒரு வரி எனக்கு இன்னும் மறக்கலை: “அண்ணே, ஆபீஸ்ல நான் இந்தத் தப்பை விட்டிருந்தா அன்னைக்கே கூப்பிட்டுக் கேட்டிருப்பாங்க. என் வீட்டுல என்னைக் கேட்க ஆளே இல்லை.”

அதனாலதான் இந்தக் கட்டுரை. அந்தத் தம்பி ஆபீஸ்ல செய்யற வேலையை, உங்க வீட்டுக்கு நீங்களே எப்படிச் செய்யறதுன்னு இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

முதல்ல, தொகை எவ்வளவு பெருசுன்னு பாருங்க

வேலை நேரத்துல தொழிலாளி அடிபட்டா முதலாளி இழப்பீடு தரணும்னு நம்ம நாட்டுல 1923-லயே சட்டம் வந்துடுச்சு. பணியாளர் இழப்பீட்டுச் சட்டம்னு பேர். ‘ஒர்க்மேன் காம்பன்சேஷன்’னு இன்னைக்கும் நாம சொல்றது இதைத்தான். இப்போ இந்த விஷயம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020-க்குள்ள போயிருக்கு. ஆனா கணக்குப் போடற அடிப்படை முறை அதேதான்.

இறப்புன்னா: மாதக் கூலியில 50% × வயசுக்கான காரணி எண்.
நிரந்தரமா எந்த வேலையும் செய்ய முடியாத முழு ஊனம்னா: மாதக் கூலியில 60% × அதே எண்.

2020 ஜனவரியில வந்த அறிவிப்புப்படி, கணக்குக்கு எடுத்துக்கிற மாதக் கூலி அதிகபட்சம் 15,000 ரூபாய். 30 வயசுக்கான காரணி எண் 207.98. இப்போ கணக்குப் போடுங்க:

- இறப்பு: 7,500 × 207.98 = 15,59,850 ரூபாய்
- முழு ஊனம்: 9,000 × 207.98 = 18,71,820 ரூபாய்

ஆமா, ஊனத்துக்கு இறப்பை விட அதிகம். காரணம், அந்த மனுஷன் வருமானம் இல்லாம இன்னும் பல வருஷம் வாழணும். கொடுக்க வேண்டிய நேரத்துல இருந்து ஒரு மாசத்துக்குள்ள கொடுக்கலைன்னா 12% வட்டி வேற சேரும்.

கால் முறிவு மாதிரி தற்காலிகமா வேலைக்குப் போக முடியாத நிலைன்னா, 15 நாளைக்கு ஒரு தடவை மாதக் கூலியில 25% தரணும். 15,000 ரூபாய் கணக்குல அது 3,750 ரூபாய். அஞ்சு மாசத்துக்கு சுமாரா 37,500 ரூபாய். மருத்துவச் செலவு தனி.

சரி, இதை யார் கொடுக்கணும்? இங்கதான் நிறைய பேர் குழம்பறாங்க.

- நீங்களே ஆள் கூப்பிட்டு, தினக்கூலி கொடுத்து வேலை வாங்கினா, சட்டத்தோட பார்வையில நீங்கதான் முதலாளின்னு கேஸ் வர வாய்ப்பு அதிகம்.
- காண்ட்ராக்டர்கிட்ட மொத்தமா விட்டா, அவருடைய ஆட்களுக்கு அவர்தான் முதலாளி.
- அந்தக் கட்டுமான வேலை நீங்க வழக்கமா செய்யற தொழிலோட ஒரு பகுதின்னா, காண்ட்ராக்டரோட ஆள் உங்ககிட்டயும் இழப்பீடு கேட்க சட்டத்துல வழி இருக்கு.

சொந்தமா குடியிருக்கக் கட்டற வீடு, அதுவும் காண்ட்ராக்ட்னா, சட்டப்படி உங்க நிலைமை கொஞ்சம் பாதுகாப்பு. ஆனா ஒண்ணு யோசிங்க. விழுந்தவர் உங்க வாசல்ல விழுந்திருக்கார். காண்ட்ராக்டர் கையில காசு இல்லை. அந்தக் குடும்பம் பக்கத்துத் தெருவுல இருக்கு. நீங்க சட்டப் புத்தகத்தைக் காட்டிட்டு கிரகப்பிரவேசம் நடத்துவீங்களா? மாட்டீங்க. அதனால பாலிசி உயிரோட இருக்கான்னு பார்க்கிறது உங்க வேலையும்தான்.

“நான்தான் ஏற்கெனவே கட்டிட்டேனே!” – மூணு தப்பான நம்பிக்கை

1. “பிளான் அப்ரூவல் வாங்கும்போதே நகராட்சியில தொழிலாளர் நலநிதி கட்டிட்டேன்.”
அது கட்டுமானச் செலவுல 1% நலவரி. அந்தப் பணம் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்துக்குப் போகுது. வாரியத்துல பதிவு செஞ்ச தொழிலாளிக்கு அங்க இருந்து உதவித்தொகை கிடைக்கும். ஆனா அது உங்க சைட்டுக்கான இன்சூரன்ஸ் இல்லை. பதிவு பண்ணாத ஆளுக்கு அட்டையும் இல்லை, அதை வெச்சுக் கேட்க வழியும் இல்லை.

2. “பேங்க்ல லோனோட இன்சூரன்ஸ் போட்டாங்களே!”
அது உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா லோனை அடைக்க. கூடவே கட்டடத்துக்குத் தீ விபத்து பாலிசி இருக்கலாம். ரெண்டுலயும் கொத்தனார் பேர் கிடையாது.

3. “எல்லாருக்கும் 20 ரூபாய் இன்சூரன்ஸ் இருக்கு.”
பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா நல்ல திட்டம்தான். வருஷம் 20 ரூபாய், 18 முதல் 70 வயசு வரைக்கும், விபத்துல இறப்பு அல்லது முழு ஊனத்துக்கு 2 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம். ஆனா கால் முறிவுக்கு அதுல ஒண்ணும் வராது. இன்னொரு விஷயம், அதோட காலம் ஜூன் 1-ல இருந்து மே 31 வரைக்கும். மே கடைசியில கணக்குல 20 ரூபாய் இல்லைன்னா ஆட்டோ டெபிட் ஆகாது, ஜூன்ல கவர் இருக்காது. தேனியில காத்து தொடங்கறதும் ஜூன்லதான்!

பெரிய கம்பெனிகள் இதை எப்படிப் பார்க்கிறாங்க?

புரோகோர் மாதிரி கட்டுமான மேலாண்மை மென்பொருள் கேள்விப்பட்டிருப்பீங்க. நம்மள்ல சில பேர் தினமும் அதுலதான் வேலை செய்யறோம். அதுல ஒவ்வொரு வெண்டருக்கும் ஒரு பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்துல இன்சூரன்ஸுக்குன்னு தனிப் பகுதி. அதுல நிரப்பற கட்டங்கள் கிட்டத்தட்ட இவ்வளவுதான்:

- பாலிசி வகை
- இன்சூரன்ஸ் கம்பெனி பேர்
- பாலிசி எண்
- தொடங்கற தேதி, முடியற தேதி
- எவ்வளவு தொகை வரைக்கும் கவர்
- நிலை: சரியா இருக்கு, சரியில்லை, காலாவதி, நடந்துட்டு இருக்கு
- முடியப் போகும்போது நினைவூட்டல் அனுப்பணுமா, வேண்டாமா
- குறிப்பு

பார்க்க ரொம்ப சாதாரணமா இருக்கும். ஆனா இதுல ஒரு பெரிய யோசனை இருக்கு. “இன்சூரன்ஸ் இருக்கா?”ன்னு அந்த மென்பொருள் கேட்கிறதே இல்லை. “எந்தத் தேதி வரைக்கும், எவ்வளவுக்கு, எந்த எண்?”னுதான் கேட்கும். முதல் கேள்விக்கு யார் வேணும்னாலும் “இருக்கு”ன்னு சொல்லிடலாம். ரெண்டாவது கேள்விக்குக் காகிதத்தைப் பார்க்காம பதில் சொல்ல முடியாது.

இன்னொரு நல்ல பழக்கம், பல கம்பெனிகள்ல இன்சூரன்ஸ் காலாவதியான வெண்டரோட பில்லை அக்கவுண்ட்ஸ் டீம் நிறுத்தி வெச்சிடுவாங்க. சண்டை இல்லை, சத்தம் இல்லை. புது பாலிசி வந்தா பில் பாஸ்.

இந்த வேலை பார்க்கிற நண்பர்களுக்கு ஒரு சின்ன டிப். புது பாலிசி வந்ததும் பழைய பதிவு மேலயே தேதியை மாத்தி எழுதிடாதீங்க. பழையதை அப்படியே விட்டுட்டு, புதுசா ஒரு பதிவு சேர்த்து, பி.டி.எஃப்-ஐ இணைங்க. ஏன்னா விபத்து நடந்த நாள்ல எந்த பாலிசி இருந்துச்சுன்னுதான் நாளைக்குக் கேள்வி வரும். பழசு 10-ம் தேதி முடிஞ்சு, புதுசு 15-ம் தேதி தொடங்கியிருந்தா, நடுவுல அந்த நாலு நாள் ஓட்டை. தேதியை மேல எழுதிட்டா அந்த ஓட்டை கண்ணுக்கே தெரியாது.

இதையே உங்க வீட்டுக்குச் செய்யலாம்: ஒரு கூகுள் ஷீட் போதும்

லட்சக்கணக்குல மென்பொருள் வாங்க வேண்டாம். ஒரு ஷீட் திறந்து இந்தத் தலைப்புகளைப் போடுங்க: யார், என்ன வேலை, பாலிசி வகை, கம்பெனி, பாலிசி எண், தொடக்கம், முடிவு, எத்தனை ஆள், எந்த இடம், நிலை, பாலிசி பி.டி.எஃப் லிங்க்.

காண்ட்ராக்டர் ஒரு வரி. சென்ட்ரிங் போடறவர் தனி ஆள்னா அவருக்கு ஒரு வரி. போர் போடறவர், ஜே.சி.பி-காரர், எலக்ட்ரீஷியன் ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரி. முடிவுத் தேதிக்கு 30 நாள் முன்னாடி, 7 நாள் முன்னாடின்னு போன் காலண்டர்ல ரெண்டு அலாரம். அவ்வளவுதான், உங்க வெண்டர் ரெக்கார்டு ரெடி.

பாலிசி கைக்கு வந்ததும் பார்க்க வேண்டிய ஆறு விஷயம்

முதல் பக்கம் மட்டும் போதாது. முழு பி.டி.எஃப் கேளுங்க.

1. பேர். உங்க அக்ரிமென்ட்ல இருக்கிற பேரும் பாலிசியில இருக்கிற பேரும் ஒண்ணா? அக்ரிமென்ட் அண்ணன் பேர்ல, பாலிசி தம்பி பேர்லன்னா நாளைக்குச் சிக்கல்.

2. தேதி. தொடக்கம், முடிவு ரெண்டும். உங்க வேலை எட்டு மாசம்னா, பாலிசி நடுவுலயே முடியுதான்னு இப்பவே பாருங்க.

3. இடம். வேலை நடக்கிற இடம்னு பாலிசியில என்ன எழுதியிருக்கு? போடியில நடக்கிற வேறொரு சைட்டோட முகவரியை மட்டும் போட்டிருந்தா, அது அல்லிநகரத்துல இருக்கிற உங்க வீட்டுக்கு உதவுமான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க.

4. ஆள் எண்ணிக்கையும் கூலியும். இந்த பாலிசிக்குப் பிரீமியமே எத்தனை பேர், என்ன வேலை, மொத்தக் கூலி எவ்வளவுங்கிறதை வெச்சுத்தான். 4 பேருன்னு சொல்லி பாலிசி எடுத்துட்டு, தளம் போடற அன்னைக்கு 15 பேர் நின்னா, கிளெய்ம் நேரத்துல அதுவே பிரச்சனை.

5. சப் காண்ட்ராக்டர் ஆட்கள். காண்ட்ராக்டருக்குக் கீழ இன்னொருத்தர் கூட்டிட்டு வர்ற ஆட்களைத் தனியாச் சொல்லிச் சேர்த்தாத்தான் பொதுவா கவர் ஆகும். சேர்த்திருக்கான்னு கேளுங்க.

6. மருத்துவச் செலவு. சில பாலிசியில இது தனியாச் சேர்க்க வேண்டிய வசதி, வரம்பும் இருக்கும். இது இருக்கா, எவ்வளவு வரைக்கும்?

இன்னொண்ணு. கொட்டேஷனும் புரொபோசல் ஃபாரமும் பாலிசி ஆகாது. 1938 இன்சூரன்ஸ் சட்டத்தோட 64வி.பி. பிரிவுப்படி, பிரீமியம் கைக்கு வந்து சேர்ந்தாத்தான் கம்பெனி ரிஸ்க்கை ஏத்துக்கும். “ஏஜென்ட்கிட்ட சொல்லிட்டேன் தம்பி, நாளைக்கு வந்துடும்”னா, இன்னைக்கு கவர் இல்லைன்னு அர்த்தம். பாலிசி எண்ணை வெச்சு இன்சூரன்ஸ் கம்பெனியோட கஸ்டமர் கேர்ல ஒரு போன் போட்டு உறுதி பண்ணிக்கோங்க. பத்து நிமிஷ வேலை.

ஜே.சி.பி, டிப்பர், தண்ணி லாரி வந்தா? வண்டி எண்ணை எம்பரிவாகன் ஆப்ல போட்டுப் பாருங்க. இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரைக்கும்னு அதுலயே தெரியும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாம பொது இடத்துல வண்டி ஓட்டறதே மோட்டார் வாகனச் சட்டப்படி தப்பு.

காண்ட்ராக்டர்கிட்ட எப்படிக் கேட்கிறது?

“ஊர்க்காரர், அப்பாவுக்குத் தெரிஞ்சவர், கேட்டா தப்பா நினைப்பாரு”ன்னு தயங்கறீங்களா? சந்தேகப்படற மாதிரி கேட்க வேண்டாம். இப்படி ஒரு மெசேஜ் அனுப்புங்க:

“அண்ணே வணக்கம். வீட்டு வேலைக்கான ஃபைல் ஒண்ணு ரெடி பண்றேன். உங்க ஒர்க்மேன் காம்பன்சேஷன் பாலிசி முழு பி.டி.எஃப் அனுப்புங்க. நம்ம சைட் முகவரியும் ஆள் எண்ணிக்கையும் அதுல இருக்கான்னு ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க. இல்லைன்னா சேர்க்க எவ்வளவு ஆகும்னு கேட்டுச் சொல்லுங்க, பேசிக்கலாம்.”

கடைசி வரிதான் முக்கியம். சின்ன காண்ட்ராக்டர் பாலிசி எடுக்காததுக்குப் பெரும்பாலும் கெட்ட எண்ணம் காரணம் இல்லை. சதுர அடிக்கு இவ்வளவுன்னு நாமளே அடிச்சுப் பேசி ரேட்டைக் குறைச்சிருப்போம். அதுல இன்சூரன்ஸுக்கு இடமே இருந்திருக்காது. டைல்ஸுக்கு சதுர அடிக்கு 20 ரூபாய் கூடப் போட யோசிக்காத நாம, இதுக்கு யோசிக்கக் கூடாது.

பாலிசியே இல்லைன்னு சொல்லிட்டாரா? வேலை நடக்கிற மாசங்களுக்கு மட்டும் இந்த பாலிசி எடுக்கலாம். ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்துல கொட்டேஷன் கேளுங்க. நேரடியா ஆள் வெச்சு வேலை வாங்கறவங்க உங்க பேர்லயே எடுத்துக்கலாம்.

அக்ரிமென்ட்லயும் ஒரு வரி சேர்த்துடுங்க: “ஒவ்வொரு ஸ்டேஜ் பணம் தரும்போதும் நடப்பு பாலிசி நகல் தரப்பட வேண்டும்.” பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப், பூச்சுன்னு எப்படியும் பிரிச்சுத்தான் பணம் தருவீங்க. ஒவ்வொரு தடவையும் பணம் அனுப்பறதுக்கு முன்னாடி அந்த ஷீட்டைத் திறங்க. நிலை சரியா இருந்தா டிரான்ஸ்ஃபர். இல்லைன்னா ஒரு போன். பெரிய கம்பெனியோட அக்கவுண்ட்ஸ் டீம் செய்யறது இதைத்தான்.

தொழிலாளிகளுக்கு நீங்க செய்யக்கூடிய சின்ன உதவி

சைட்டுக்குப் போகும்போது கொத்தனார், நிமிந்தாள், சித்தாள் எல்லார்கிட்டயும் மூணு கேள்வி கேளுங்க. நலவாரிய அட்டை இருக்கா, நடப்புல இருக்கா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கா? 20 ரூபாய் இன்சூரன்ஸ் இந்த வருஷம் கணக்குல கழிஞ்சிருக்கா? 11 பேருக்கு நீங்களே கட்டினாலும் 220 ரூபாய்தான். இது பெரிய பாலிசிக்கு மாற்று இல்லை. ஆனா பெரிய பாலிசி எட்டாத இடத்துல இதுதான் கை கொடுக்கும்.

கடைசியா

அந்தத் தம்பியோட வீடு இப்போ முடிஞ்சிடுச்சு. கொத்தனாரும் குணமாகி வேலைக்குத் திரும்பிட்டார். அடகு நகையை இன்னும் மீட்கலை, இ.எம்.ஐ-யோட சேர்த்து அந்த வட்டியும் போயிட்டு இருக்கு. “மாடி எடுக்கும்போது முதல்ல ஷீட்டுதாண்ணே, அப்புறம்தான் செங்கல்”னு சொன்னார்.

நீங்க வீடு கட்டிட்டு இருந்தா, இல்லை ஊர்ல அப்பா அம்மா மேற்பார்வையில வேலை நடந்துட்டு இருந்தா, இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு வேலை செய்யுங்க. காண்ட்ராக்டர் அனுப்பின அந்த வாட்ஸ்அப் போட்டோவைத் தேடி எடுத்து, பெருசு பண்ணி, முடிவுத் தேதியைப் பாருங்க. என்ன இருந்துச்சுன்னு கமென்ட்ல சொல்லுங்க. ஷீட்டை எப்படிப் போடறதுன்னு அடுத்த வீடியோல ஸ்கிரீன்லயே காட்டறேன்.

பத்திரமா கட்டுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!